தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர்: எதிர்பாராமல் வாய்க்கும் நட்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பின் பார்த்திராத இரண்டு பேர் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம், "அட, அவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்வது கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் தினமும் நடக்கிற கதை. பெரும்பாலும் அந்த ஆச்சரியத்தோடு சரி, அவரவர் வழியில் போய்விடுவோம். எப்போதாவது ஒன்று மட்டும் ஆயுசுக்கும் நிற்கிற பழக்கமாகிவிடும். ஏன் அது மட்டும் என்பது எனக்கு ரொம்ப நாளாக அக்கறையுள்ள விஷயம். நான் சிவகிரியில் பிறந்து திருப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் நெருங்கிய கூட்டாளிகளில் பாதிப் பேர் இப்படிக் கிடைத்தவர்கள்தான். அக்கம்பக்கத்தில் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

உலகம் சின்னது என்கிறோமே, யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். பூமியில் யாரை வேண்டுமானாலும் ஐந்து பேர் வழியாக எட்டிவிடலாம் என்று 1929-லேயே ஹங்கேரி எழுத்தாளர் ஃப்ரிஜ்யெஷ் கரிந்தி ஒரு கதையில் எழுதினார். அது கற்பனை. 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் அதைத் தபாலில் சோதித்தார். பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகரிடம் ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்திலும் பாஸ்டனிலுமாக 296 பேரிடம் அதை அனுப்பச் சொல்லிக் கொடுத்தார். தரகரை நேரில் தெரிந்தால் நேராக அனுப்பலாம். தெரியாவிட்டால், அவரைத் தெரிந்திருக்க வாய்ப்புள்ள, தமக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமான ஒருவருக்கு அனுப்ப வேண்டும்.

64 கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. நடுவில் இருந்தவர்கள் சராசரியாக ஐந்து பேர். "ஆறு படி" என்று எல்லோரும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். 2011-ல் ஃபேஸ்புக்கில் இருந்த 72 கோடிப் பேரை வைத்துக் கணக்கிட்டபோது, எந்த இருவருக்கும் நடுவில் சராசரியாக நாலு பேர்கூட இல்லை என்று வந்தது.

மில்கிராம் கதையில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. வந்து சேர்ந்த 64-ல் 16 கடிதங்கள் கடைசியாக ஒரே ஆள் கை வழியாகப் போயிருக்கின்றன. தரகர் குடியிருந்த ஊரின் ஜவுளி வியாபாரி அவர். ஈரோட்டு ஜவுளிச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். டீக்கடைக்காரர், நர்ஸம்மா, மினி பஸ் கண்டக்டர், கொத்தனார் மேஸ்திரி என்று யாராகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் அது யார் என்று யோசித்துப் பாருங்கள், உடனே முகம் தெரியும்.

296-ல் 64 தானே வந்தது? மீதி என்ன ஆச்சு?

சில கிளம்பவே இல்லை, மற்றவை நடுவழியில் நின்றுவிட்டன. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ மொத்த விஷயத்திலும் இதுதான் முக்கியமாகப் படுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதையே மின்னஞ்சலில் செய்து பார்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 13 நாடுகளில் 18 பேரை இலக்காக வைத்து 24,163 சங்கிலிகள் கிளம்பின. முடிவு வரை போனவை 384. ஏன் அனுப்பவில்லை என்று நின்றுபோன இடத்தில் விசாரித்தபோது, "யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை" என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. வழி இருந்திருக்கிறது. அக்கறை எடுக்க ஆள் இல்லை.

நட்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். தொடர்பு நம்மைச் சுற்றி எத்தனையோ கிடக்கிறது. அடுத்த அடியை ஒருவர் எடுத்து வைத்தால்தான் அது எங்காவது போகும்.

சொந்தம், அக்கம்பக்கம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருக்கும்போது, தூரத்து ஆளோடு எப்படித் தொடர்பு வருகிறது?

1998-ல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் இதற்குக் கணக்கு போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் பக்கத்து ஆளோடு மட்டும் பழகுகிற வட்டத்தில், ஒரு சிலருக்கு மட்டும் வெகுதூரத்தில் ஒரு தொடர்பு இருந்தால் போதும். மொத்த வட்டத்துக்கும் தூரம் சட்டென்று சுருங்கிவிடும்.

எங்கள் சிவகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தது, எடுத்தது எல்லாம் முத்தூர், கொடுமுடி, வெள்ளக்கோவில் பக்கம்தான். ஆனால் ஒரு பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறிச் சத்தீஸ்கரில் போர் போடுகிறான். ஒரு பெண் குவைத்தில் நர்ஸ். அவர்கள் இருவரால் ஊரில் வெளியே கால் வைக்காத கிழவிக்கும் ராய்ப்பூர் மூன்றாவது ஆள் தூரம்தான்.

நம் பக்கம் இது அதிகம் நடப்பதாகத் தோன்றுகிறதே?

அளந்து பார்க்காமல் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடப்பதற்கு வசதி நிறைய. கோவையிலிருந்து ஈரோடு 100 கிலோமீட்டர்தான். நடுவில் அவிநாசி, திருப்பூர், பெருந்துறை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில்: கோவைக்குப் பம்ப்பும் கிரைண்டரும், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி, சென்னிமலைக்குப் பெட்ஷீட், பவானிக்கு ஜமக்காளம், நாமக்கல்லுக்கு முட்டையும் லாரியும், கரூருக்குப் பஸ் பாடி. ஓர் ஊர்ச் சரக்கு இல்லாமல் இன்னோர் ஊர் ஓடாது.

திருப்பூருக்குள்ளேயே பாருங்கள். ஒரு பனியன் முழுதாக ஒரே கூரைக்குக் கீழே உருவாவது குறைவு. நூல் ஓர் இடம், நிட்டிங் ஓர் இடம், சாயப்பட்டறை இன்னோர் இடம், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று ஜாப் ஒர்க்கில் ஊரையே சுற்றி வரும். அந்தத் துணி மூட்டையை டெம்போவில் ஏற்றி இறக்குகிற பையனுக்குத் தெரிந்த ஆட்கள் முதலாளிக்குத் தெரிந்தவர்களைவிட அதிகம். வாரச் சந்தை, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை என்று கூடிப் பேசவும் இடத்துக்குக் குறைவில்லை.

"எந்தூருங்க?" என்று கேட்பது கடைசியில் சாதியைத் தெரிந்துகொள்ளத்தானே?

பல நேரம் ஆமாம். மறைக்க வேண்டியதில்லை. ஊர், அப்புறம் யாரு ஊடு, அப்புறம் எந்தக் கூட்டம் (குலம்) என்று நூல் பிடித்துப் போவதைக் கேட்டு, எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கண்டுபிடித்த தொடர்பு பங்காளியிலோ மாமன் மச்சானிலோ போய் முடியும். அது ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம். அதற்கு வேண்டிய மரியாதை உண்டு. ஆனால் ஏற்கெனவே இருக்கிற வட்டத்துக்குள்ளேயே திரும்பி வந்திருக்கிறோம். புதிதாக ஒருவரும் கிடைக்கவில்லை.

நான் ஊரைக் கேட்டால் அடுத்த கேள்வியாக அந்த ஊரைப் பற்றித்தான் கேட்பேன். "வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சுங்களா?", "சந்தை இன்னும் அதே இடத்துலதான் கூடுதுங்களா?" என்று கேட்டால் போதும். யாராக இருந்தாலும் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். அதைவிட நல்லது தொழிலைக் கேட்பது, படித்த பள்ளிக்கூடத்தைக் கேட்பது, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியைக் கேட்பது. இவை சாதி வட்டத்தைத் தாண்டிப் போகிற கேள்விகள்.

சொந்தக்காரர்களைவிடத் தூரத்துப் பழக்கம் உதவும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், "அவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேலை சொன்னது எப்போதாவது பார்க்கிற ஆள். காரணம் எளிது. நெருங்கிய சொந்தத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளியிலிருந்துதான் வரும்.

என் நாத்தனார் பேத்திக்குக் காது கேட்கவில்லை என்று ஒன்றரை வயதில் தெரிந்தது. சொந்தத்தில் அத்தனை பேரும் "பேச்சு மெல்ல வரும், எங்க ஊட்டுலயும் ஒருத்தன் மூணு வயசுலதான் பேசினான்" என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், ஆறு வயசுக்குள் செய்துவிட வேண்டும், சீக்கிரம் செய்தால் பேச்சு நன்றாக வரும் என்று சொன்னவர் தெருவில் இட்லி மாவு விற்கிற அம்மா. மாவு வாங்குகிற இன்னொரு வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு நேரில் கூட்டிப் போய் விட்டதும் அவர்தான். இரண்டு குழந்தைகளும் இப்போது பேச்சுப் பயிற்சிக்கு ஒரே நாளில் போகிறார்கள், இரண்டு அம்மாக்களும் ஒரே பஸ்ஸில். மாவுக்கார அம்மா சும்மா இருந்திருந்தால் அந்த இரண்டு வீடும் மூன்று தெரு தள்ளியே இருந்திருக்கும்.

பெண்களுக்கு இந்த வாய்ப்பு குறைவுதானே?

நேர்மாறாக நினைக்கிறேன். கல்யாணமானதும் ஊர் மாறுகிறவர்கள் நாங்கள்தான். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்று ஒவ்வொருத்திக்கும் இரண்டு வட்டம். இரண்டையும் இணைக்கிற தொடர்பு நாங்களே. வெளியே போய்வருவதுதான் சிரமமாக இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் அதுவும் குறைந்தது. பத்து ரூபாய்க்கு யோசித்து வீட்டில் இருந்த அக்காமார்கள் இப்போது சந்தைக்கும் கோயிலுக்கும் தாமே போகிறார்கள்.

அப்படி ஒரு டவுன் பஸ்ஸில், பல்லடம் ரோட்டில், பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா என் மடியில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"கண்ணு, நீ எந்தூரு?"

"பொறந்தது சிவகிரிங்கம்மா. கட்டிக் குடுத்தது இங்க திருப்பூருங்க."

"சிவகிரியா! அங்க பெரிய பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் ஒருத்தர் இருந்தாரே, காலு கொஞ்சம் சாய்ச்சு நடப்பாங்க."

"அவங்கதானுங்க எனக்கு எட்டாவதுல கணக்கு எடுத்தாங்க!"

"அவ என்ற தங்கச்சி கண்ணு."

டீச்சர் இறந்து வருஷமாகியிருந்தது. எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூடத் திட்டாமல் பின்னக் கணக்கை எங்களுக்குப் புரியவைத்ததை நான் சொல்லச் சொல்ல, பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சி வகுப்பில் எப்படி இருப்பார் என்று யாரும் அவருக்குச் சொன்னதே இல்லையாம். இறங்கும்போது அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னோடு படித்த இருவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு என் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் போன் பெரியம்மாவுக்குத்தான். நம்பர் வாங்கியதோடு விட்டிருந்தால், பஸ்ஸில் ஒருநாள் இப்படி நடந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

சரி, தொடர்பு தெரிந்துவிட்டது. நட்பாக எவ்வளவு நாள் ஆகும்?

எத்தனை நாள் என்பதைவிட, சேர்ந்து இருந்த நேரம்தான் கணக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று வந்தது. வேலை செய்கிற இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் அவ்வளவாகப் பலிக்காது. சேர்ந்து சாப்பிடுவது, சும்மா பேசிக்கொண்டிருப்பது போன்றவைதான் நெருக்கத்தைக் கொடுக்கின்றன.

என் அனுபவத்தில் முதல் பத்து நாள் முக்கியம். அதற்குள் இரண்டாவது முறை பேசிவிட வேண்டும். "ஒருநாள் வாங்க" என்பது அழைப்பே கிடையாது. "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, கம்பு மாவு ஆட்டறேன்" என்றால்தான் வருவார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களோடு நமக்கு என்ன தொடர்பு கண்டுபிடிக்க முடியும்?

எங்கள் லைன் வீட்டில் ஒடிசா கஞ்சம் மாவட்டத்துத் தம்பதி குடிவந்தார்கள். அவர் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். பல மாதம் வாடகை, தண்ணீர் மோட்டார் தவிரப் பேச்சே கிடையாது. ஆடி நோம்பிக்கு என் தம்பி வந்திருந்தான். அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆப்பரேட்டர். அவர்கள் பெர்ஹாம்பூர்ப் பக்கம் என்று கேட்டதும், அங்கே ஒரு கோடை முழுக்க போர் போட்டதாகத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான். அந்த மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போர் போட்டது டிஎன் 34 நம்பர் வண்டியாம், அது திருச்செங்கோட்டுப் பதிவு. தண்ணீர் பீச்சி அடித்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதிலேயே குளித்திருக்கிறார்கள். தம்பி போன வண்டி வேறு, காலமும் வேறு. ஆனால் இருவரும் ராத்திரி பதினோரு மணி வரை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். அதே தண்ணீர் ஊற்றிய சோறு, தயிர் விட்டு, மேலே தாளித்தது, பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. பகாளா என்கிறார்கள், கோடைக்கு அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அதுதானாம். கிண்ணத்தை மாற்றிக்கொண்டோம். அதற்கப்புறம் அவள் மகனைப் பள்ளியில் சேர்க்க நான்தான் போனேன். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது ஒரு வாரம் என் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவள்.

பெர்ஹாம்பூர் என்ற பேர் எத்தனையோ தடவை என் காதில் விழுந்திருக்கும். தம்பி கேட்டதால்தான் கதவு திறந்தது. உங்கள் வீட்டிலும் லாரி, ரிக், பட்டாளம், ரயில்வே என்று வடக்கே போய்வந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

என் கூட்டாளிகளுக்கெல்லாம் என்னைவிட நிறையப் பேரைத் தெரிகிறது. என்னிடம் குறையா?

இல்லை. ஏறக்குறைய எல்லோருக்குமே இப்படித்தான் இருக்கும். நிறைய நண்பர்கள் உள்ள ஒருவர் நிறையப் பேருடைய பட்டியலில் வருவார், அதனால் சராசரி கூடித்தான் தெரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-லேயே இதைக் கணக்காக நிரூபித்துவிட்டார்.

நடுவில் இருந்து அறிமுகம் செய்தவரோடு மனஸ்தாபம் வந்துவிட்டால்?

அவர் காதுக்குப் போகாமல் பழக நினைக்காதீர்கள். நம் ஊரில் ஒரு வாரத்தில் போய்விடும். "அவங்களோட பேசிட்டுத்தான் இருக்கேனுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவரைப் பற்றி இவரிடம் பேச வேண்டாம்.

இப்படி வருகிற பழக்கத்தை வைத்து ஏமாற்றுகிறார்களே?

ஏமாற்றுகிறார்கள். 2012-ல் பெருந்துறையில் வெளிச்சத்துக்கு வந்த ஈமு கோழி மோசடியை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விளம்பரங்கள் ஒரு பக்கம் இருந்தன. ஆனால் எங்கள் சொந்தத்தில் பணம் போட்டவர்களைக் கேட்டால், "பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டாரு, மாசாமாசம் வந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். பாஸ்டனுக்குக் கடிதம் போன அதே வழியில் ஆசையும் போகும்.

புதுப் பழக்கத்தில் பணப் பேச்சு வந்தால், நடுவில் இருப்பவரை நேரில் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். அவர் வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? எத்தனை வருஷப் பழக்கம்? உங்கள் பணம் திரும்பக் கைக்கு வந்ததா? இந்தக் கேள்விகளுக்காக ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினால் போகட்டும்.

எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச வராது.

பேச வேண்டாம், கேட்டால் போதும். இல்லாவிட்டால் ஏதாவது வேலையில் கலந்துகொள்ளுங்கள். அன்னதானத்தில் காய் நறுக்க உட்கார்ந்தால் கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் தானாகத் திறக்கும். கல்யாணத்தில் மொய் எழுத உட்காருவதும் நல்ல வழி. வருகிற ஒவ்வொருவரும் ஊரையும் பேரையும் தாமாகவே சொல்வார்கள்.

பல வருஷத்துக்கு முன்பு பிரிந்த கூட்டாளியை இந்த வழியில் தேட முடியுமா?

முடியும். கடிதச் சோதனைகளில் ஜெயித்தவர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயத்தை வைத்து அடுத்த ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்: இலக்கில் இருப்பவர் எந்த ஊர், என்ன தொழில். நீங்களும் அப்படியே தேடுங்கள். முதலில் ஊர். அவர் வீட்டுப் பக்கத்து மளிகைக்கடை, தபால்காரர், கோயில் பூசாரி. அங்கே இல்லையென்றால் தொழில். அப்பா தறி ஓட்டினாரா, மஞ்சள் மண்டியில் வேலையா, அந்தத் தொழில் ஆட்களைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். இதைவிட நல்ல முகவரிப் புத்தகம் எந்தப் போனிலும் கிடையாது. என்னோடு பத்தாவது வரை படித்தவளை அவள் சித்தப்பா பேரில் இருந்த ஒரு மொய் வரியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அரச்சலூர் என்று எழுதியிருந்தது. அரச்சலூரில் கேட்டதும் காங்கேயம் அரிசி மில் ஒன்றைச் சொன்னார்கள், மில்லில் அவள் வீட்டுக்காரர் நம்பரே கிடைத்துவிட்டது.

ஒருவரைக் கேட்டுத் தெரியாது என்றால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "அப்போ வேற யாரைக் கேட்டாத் தெரியுங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

நம்பர் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து என்ன என்று எழுதுவது?

நீளமாக வேண்டாம். யார், யார் மூலம் நம்பர் கிடைத்தது, என்ன ஞாபகம் இருக்கிறது, எப்போது பேசலாம். நான் அனுப்பியது இதுதான்:

"நான்தான், சிவகிரிப் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். உங்கள் சித்தப்பாவைப் பிடித்து, மில்லில் கேட்டு உன் வீட்டுக்காரர் நம்பர் வாங்கினேன், கோபிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். பத்தாவது பரீட்சைக்கு நீ கொடுத்த பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் கூப்பிடுகிறேன், எடு."

அவள் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டு, பேனாவைக் கேட்டாள்.